மேல் பல்லைப் பிடுங்கினால் கண் போகுமா? (அப்புறம் என் கீழ்க் கடைவாய்ப் பல்லின் கதையும்)

3 ஆகஸ்ட் 2022, ஒரு வாசகரின் கேள்வி

என் பெரியம்மாவுக்கு 63 வயது. மேல் வரிசையில் வலது கடைவாய்ப் பல் சொத்தையாகி ஆடுகிறது, கன்னம் அடிக்கடி வீங்குகிறது. எடுத்துவிடலாம் என்கிறார் டாக்டர். வீட்டிலோ மேல் பல்லைப் பிடுங்கினால் கண் நரம்பு அறுந்து பார்வை மங்கிவிடும் என்று ஒரே பேச்சு. பக்கத்துத் தெருவில் ஒருவருக்கு அப்படி ஆனதாம். பெரியம்மாவுக்குச் சுகர் உண்டு. இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருப்பதால் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரையும் சாப்பிடுகிறார். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

3 ஆகஸ்ட், இரவு

கண் போகாது. எனக்கு மேல் வரிசையில் ரெண்டு பல் போய் வருஷக்கணக்காகிறது, இன்றைக்கும் பஸ் வளைவில் திரும்பும்போதே போர்டைப் படித்துவிடுவேன். பேப்பர் படிக்கக் கண்ணாடி வேண்டும்தான், அது நாற்பதைத் தாண்டினால் முப்பத்திரண்டு பல்லோடு இருப்பவருக்கும் வருவது.

மூளையிலிருந்து கிளம்பும் 12 ஜோடி நரம்புகளில் பார்வைக்கானது 2-ஆவது. முகத்துக்கும் பல்லுக்கும் உணர்ச்சி தருவது 5-ஆவது, அதன் நடுக்கிளைதான் மேல் பற்களுக்கு வருகிறது. பல்லைப் பிடுங்கும்போது வேர் நுனியில் அறுவது அந்தக் கிளையின் மயிரிழை. பார்வைக்கும் அதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. பக்கத்துத் தெருக்காரர் கதை எல்லா ஊரிலும் ஒருவர் பெயரில் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. அறுபதில் பல்லும் ஆடும், கண்ணில் புரையும் விழும், சுகர் இருந்தால் ரெண்டும் சீக்கிரமே வரும். எது முதலில் நடந்ததோ அதன் தலையில் பழி.

4 ஆகஸ்ட், காலை

ராத்திரி எழுதியதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் யாராவது வந்து பிடித்துக்கொள்வீர்கள். மேல் கடைவாய்ப் பக்கம் மரத்துப்போகும் ஊசி போடும்போது எப்போதாவது மருந்து கண் பக்கம் கசிந்து, கொஞ்ச நேரம் எல்லாம் ரெண்டு ரெண்டாகத் தெரிவதுண்டு. மிக அபூர்வம், ஊசியின் வீரியம் இறங்கியதும் அதுவும் போய்விடும். அதை ஒருவர் அனுபவித்திருந்தால் ஊர் முழுக்கப் பரவ எவ்வளவு நேரமாகும்.

ஆனால் உண்மையில் கண்ணுக்கு ஆபத்து வரக்கூடியது பல்லைப் பிடுங்காமல் விட்டால்தான். மேல் பல்லின் வேரில் சேரும் சீழ் கண்ணுக்குக் கீழே வந்து இமையே மூடிக்கொள்ளும் அளவுக்கு வீங்கலாம். முகத்து ரத்தக்குழாய்கள் வழியாகக் கிருமி கண்குழிக்கும் அதற்குப் பின்னால் மூளை ஓரத்துக்கும் போய்ச் சேர்ந்தால் உயிருக்கே கேடு. பெரியம்மாவுக்குக் கன்னம் வீங்கி வீங்கி வடிகிறது என்றால் கண்ணைக் காப்பாற்றத்தான் அந்தப் பல்லை எடுக்க வேண்டும் என்று வீட்டில் சொல்லிப் பாருங்கள். நம்புவார்களா தெரியாது, வாயாவது அடையும்.

4 ஆகஸ்ட், மதியம்

முக்கியமானதை விட்டுவிட்டுக் கண்ணையே பேசிக்கொண்டிருக்கிறோம். அந்த மாத்திரை. பல் பிடுங்கப் போகிறோம் என்று வீட்டிலேயே முடிவெடுத்து முன்கூட்டி நிறுத்திவிடாதீர்கள். நிறையப் பேர் செய்கிறார்கள், அதுதான் பயங்கரம். பல் குழியில் ரத்தம் கூடக் கசிந்தால் பஞ்சு வைத்து அழுத்தலாம், தையல் போடலாம், நின்றுவிடும். ஸ்டென்டுக்குள் ரத்தம் கட்டினால் மாரடைப்பு. ஒரு பல் எடுப்பதற்கு ஆஸ்பிரினைப் பெரும்பாலும் நிறுத்தச் சொல்வதே இல்லை. மாத்திரை அட்டைகளையெல்லாம் ஒரு பையில் போட்டுப் பல் டாக்டர் மேஜையில் கொட்டுங்கள், அவரும் இதய டாக்டரும் பேசி முடிவு செய்யட்டும்.

எலும்புத் தேய்மானத்துக்கு மாத்திரையோ வருஷம் ஒரு தடவை ஊசியோ போட்டிருந்தால் அதையும் கட்டாயம் சொல்லுங்கள். சில மருந்துகளால் பல் எடுத்த இடத்தில் தாடை எலும்பு ஆறாமல் போகும். சுகர் மாத்திரையையும் காலைச் சாப்பாட்டையும் வழக்கம்போல முடித்துவிட்டுக் காலை நேரமாகப் பார்த்துப் போங்கள். வெறும் வயிற்றில் போய் நாற்காலியிலேயே சர்க்கரை இறங்கி மயங்கியவர்கள் உண்டு.

5 ஆகஸ்ட்

நூலைக் கட்டிக் கதவில் மாட்டி இழுக்கச் சொன்ன நண்பருக்கு: அது பால் பல்லுக்கு. பால் பல்லின் வேரை அடியில் முளைக்கும் பல்லே கரைத்துவிடும், அதனால்தான் நாக்கால் நெம்பினாலே வருகிறது. பெரியம்மாவின் பல்லுக்கு மூன்று வேர். கதவுதான் கழன்று வரும்.

எங்கள் ஊரில் விழுந்த பல்லைச் சாணி உருண்டைக்குள் வைத்துக் கூரையில் எறிவோம். எறியும்போது யாரும் பார்க்கக்கூடாது என்பார்கள், நாங்கள் எல்லாரையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டுதான் எறிவோம்.

6 ஆகஸ்ட்

இவ்வளவு தைரியம் சொல்கிற எனக்கே அடுத்த வாரம் நாற்காலி. கீழே வலது கடைசி, ஞானப்பல். பல வருஷமாகவே தொந்தரவு. தாடை முழுக்க ஒரே படமாக எடுப்பார்களே, ஓ.பி.ஜி, அதில் பார்த்தால் முன்னால் நிற்கும் பல்லின் மேல் தலை வைத்துப் படுத்திருக்கிறது. பாதி வெளியே, பாதி ஈறுக்குள். அந்த ஈறு மடிப்புக்குள் சோற்றுப் பருக்கை போய் மாட்டிக்கொண்டால் ரெண்டு நாளில் வீங்கி, வாயைத் திறக்க முடியாமல், விழுங்கினால் காதுக்குள் வலிக்கும். மாத்திரை போட்டதும் அடங்கும், அடங்கியதும் நானும் மறந்துவிடுவேன். இந்த முறை முன் பல்லிலும் சொத்தை பிடித்துவிட்டது. அதைக் காப்பாற்ற வேண்டுமானால் இது போயாக வேண்டும்.

நான்கு ஞானப்பல்லையும் முன்னெச்சரிக்கையாக எடுத்துவிடலாமா என்று கேட்டவருக்கு: தொந்தரவில்லாத ஞானப்பல்லைச் சும்மா எடுக்க வேண்டாம் என்று மருத்துவ வழிமுறைகளை வகுக்கும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2000-லேயே வழிகாட்டுதல் கொடுத்துவிட்டது. அமெரிக்காவில் இளவயதிலேயே எடுத்துவிடும் வழக்கம் அதிகம். ரெண்டு பக்கமும் வாதம் இருக்கிறது. நேராக முளைத்து, பிரஷ் எட்டுகிறதென்றால் நான் தொடமாட்டேன்.

11 ஆகஸ்ட், இரவு

முடிந்தது. பஞ்சைக் கடித்துக்கொண்டிருப்பதால் பேச முடியாது, எழுதத்தான் முடியும். வீட்டில் எல்லாரும் நிம்மதியாக இருக்கிறார்கள்.

12 ஆகஸ்ட்

உதடு பெரும்பாலும் என்னிடம் திரும்பி வந்துவிட்டது, விவரமாக எழுதுகிறேன்.

ஊசிதான் பெரிய விஷயம் என்று நினைத்திருந்தேன். முதலில் ஈறில் ஜெல் தடவினார்கள், பிறகு வாய்க்குள் பின்பக்கம், தாடை மடங்கும் இடத்துக்குள் நீளமாக ஒரு குத்து. சுருக்கென்றது, அவ்வளவுதான். கொஞ்ச நேரத்தில் நெஞ்சு படபடவென்று அடித்தது. பயத்தில் என்று நினைத்தேன், டாக்டர் சிரித்துக்கொண்டே மருந்தில் அட்ரினலின் கலந்திருக்கிறது என்றார். ரத்தக்குழாயைச் சுருக்கி மருந்தை அங்கேயே நிறுத்திவைக்க 80,000-க்கு 1 பங்கு சேர்ப்பார்களாம். இதய நோயாளிகள், ரத்த அழுத்தக்காரர்கள் ஊசிக்கு முன்னாலேயே சொல்லிவிட வேண்டும் என்பது இதற்காகவும்தான். பெரியம்மா விஷயத்தில் கவனம்.

வலி இல்லை என்றால் நிஜமாகவே இல்லை. ஆனால் அழுத்தம் இருக்கிறது, அதை யாரும் முன்னால் சொல்வதில்லை. ஈறைக் கீறினார்கள், எலும்பைக் கொஞ்சம் டிரில் போட்டு எடுத்தார்கள். படுத்திருக்கும் பல் முழுசாக வராது, அதனால் ரெண்டாக வெட்டி, தலையைத் தனியாக வேரைத் தனியாக நெம்பினார்கள். அந்த நெம்பலின்போது தாடையே கையோடு வந்துவிடுமோ என்றிருந்தது. உடையும் சத்தம் காதில் கேட்காது, மண்டைக்குள் கேட்கும். வலித்தால் இடது கையைத் தூக்கச் சொல்லியிருந்தார்கள். ஒருமுறை தூக்கினேன், உடனே நிறுத்தி இன்னும் கொஞ்சம் மருந்து ஏற்றினார்கள். நீங்களும் தயங்காமல் தூக்குங்கள். பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள்ள அங்கே வழியில்லை.

தையல் போட்டுப் பஞ்சு வைத்து, அரை மணியிலிருந்து முக்கால் மணி வரை கடித்தபடி இருக்கச் சொன்னார்கள். எச்சிலைத் துப்பாமல் விழுங்க வேண்டும். இதுதான் நம் ஆட்களுக்குக் கஷ்டம், ரத்தம் கலந்த எச்சிலைப் பார்த்ததும் துப்பித் துப்பி வாயைக் கொப்பளிப்போம். குழியில் உறைந்து நிற்கும் ரத்தக்கட்டிதான் மருந்து, கட்டு, எல்லாமே. அது கலையக்கூடாது என்பதற்காகத்தான் முதல் 24 மணி நேரம் துப்பாதே, கொப்பளிக்காதே, ஸ்ட்ரா போட்டு உறிஞ்சாதே, பீடி சிகரெட் கூடாதே கூடாது என்பதெல்லாம். இளநீர்க் கடையில் அவர் பாட்டுக்கு ஸ்ட்ராவைச் செருகிக் கொடுப்பார், டம்ளரில் ஊற்றச் சொல்லுங்கள்.

பல்லைக் கேட்டு வாங்கி வந்தேன், ரெண்டு துண்டு. மாடி வீட்டில் கூரை எங்கே, சாணி எங்கே. அலமாரியில் இருக்கிறது.

13 ஆகஸ்ட்

வலது கன்னம் மட்டும் வேறு யாருடையதோ. வீக்கம் 2, 3 நாள் வரை ஏறிவிட்டுத்தான் இறங்குமாம், அதனால் முதல் நாளைவிட இன்று பெரிதாக இருப்பதற்குப் பயப்படவில்லை. வீட்டில் உப்பு ஒத்தடம் கொடுக்கிறேன் என்று வாணலியோடு நின்றார்கள், தடுத்துவிட்டேன். முதல் நாள் ஐஸ் மட்டும், துணியில் சுற்றி 20 நிமிஷம் வைத்து 20 நிமிஷம் எடுத்து. சூடெல்லாம் அப்புறம். வாய் ரெண்டு விரல் அளவுக்குக்கூடத் திறக்கவில்லை, தாடைத் தசை இறுகிக்கொள்வதால் இப்படி ஆகும், ஒன்றிரண்டு வாரத்தில் இளகும்.

சாப்பாடு பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஐஸ்கிரீம் ஒன்றுதான் என்று நினைத்து ஏமாறாதீர்கள், இனிப்பு சீக்கிரம் திகட்டிவிடும். ஆறிய ராகிக் கூழ், நன்றாகக் குழைத்த மோர்ச்சாதம், பாலில் கரைத்த இட்லி. எச்சரிக்கை ஒன்று: தாளித்த கடுகு. மோர்ச்சாதத்தில் கடுகு போட்டு அது குழிக்குள் உட்கார்ந்துகொண்டால் எடுப்பதற்குள் உயிர் போய்விடும். கொய்யா, தக்காளி விதையும் அப்படியே. ரவையும் வேண்டாம்.

24 மணி நேரத்துக்குப் பிறகு வெதுவெதுப்பான உப்புத் தண்ணீர். வாயில் ஊற்றித் தலையைச் சாய்த்து, தானாக வழியவிட வேண்டும், களகளவென்று கொப்பளிக்கக்கூடாது.

15 ஆகஸ்ட், விடியற்காலை

வலி. நேற்று இரவு தொடங்கியது. முதல் ரெண்டு நாள் குறைந்துகொண்டே வந்தது இப்போது தாடையிலிருந்து காது, நெற்றிப்பொட்டு வரை போகிறது. மாத்திரை கேட்கவில்லை. வாயில் ஒரு நாற்றம் வேறு. நேற்று ஞாயிறு, இன்று சுதந்திர தினம். திருச்சி தில்லைநகரில் தடுக்கி விழுந்தால் பல் கிளினிக், ஒன்றும் திறந்திருக்காது.

15 ஆகஸ்ட், இரவு

டாக்டருக்குப் போன் போட்டேன். பாவம், வீட்டிலிருந்து வந்து கிளினிக்கைத் திறந்தார். டிரை சாக்கெட்டாம். குழியைக் கழுவி, கிராம்பு எண்ணெய் கலந்த பட்டித்துணி ஒன்றை உள்ளே வைத்தார். அரை மணி நேரத்தில் வலி இறங்கியது. அழுதுவிட்டேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமில்லை.

16 ஆகஸ்ட்

நேற்றைய இரண்டு குறிப்புக்கும் விளக்கம். டிரை சாக்கெட் என்றால் ரத்தக்கட்டி கரைந்தோ கழன்றோ போய்க் குழியில் எலும்பு வெறுமனே நிற்பது. பெரும்பாலும் பல் எடுத்த 2-லிருந்து 4-ஆவது நாளுக்குள் தொடங்கும். கண்ணாடியில் பார்த்தால் கருஞ்சிவப்பாக இருக்க வேண்டிய இடம் வெளுத்துத் தெரியும். இதில் சீழோ காய்ச்சலோ வருவதில்லை, அதனால் ஆன்டிபயாடிக்கை ஏற்றிப் பயனில்லை, கழுவி மருந்து வைத்தால்தான் அடங்கும். தேவைப்பட்டால் ஒன்றிரண்டு நாளுக்கு ஒருமுறை மாற்றுவார்கள்.

எனக்கு ஏன் வந்தது? புகை இல்லை, ஸ்ட்ரா இல்லை, துப்பவும் இல்லை. டாக்டரிடம் இதையே திருப்பித் திருப்பிக் கேட்டேன். சாதாரணமாகப் பல் எடுத்தால் நூற்றில் 2 முதல் 5 பேருக்கு வருவது, எலும்பை வெட்டி எடுக்கும் கீழ் ஞானப்பல்லில் பல மடங்கு கூடுமாம். புகைப்பவர்களுக்கும் கருத்தடை மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் இன்னும் கூடுதல். 12-ஆம் தேதி எழுதியதைப் படித்தால் எல்லாம் ஒழுங்காகச் செய்தால் வராது என்பதுபோல இருக்கிறது. குறையும், அவ்வளவுதான்.

கிராம்பு எண்ணெயை நேரடியாகக் குழியில் விடலாமே என்று ரெண்டு பேர் எழுதியிருக்கிறீர்கள். விடாதீர்கள், ஈறைச் சுட்டுவிடும். சொத்தைப் பல்லின் பக்கத்தில் ஆஸ்பிரினை அடக்கி வைப்பதும் அதே கதை, ஈறு வெள்ளையாக வெந்துபோகும். என் தாத்தா புகையிலையை அடக்கி வைப்பார், அவர் கதையே வேறு.

18 ஆகஸ்ட்

பெரியம்மாவுக்கு நல்லபடியாக முடிந்தது என்று படித்தேன், சந்தோஷம். ஆஸ்பிரினை நிறுத்தாமலே ரெண்டு தையலோடு முடித்துவிட்டார்கள் பாருங்கள்.

நீங்கள் கேட்டதற்கு: முதல் நாள் எச்சில் இளஞ்சிவப்பாக இருப்பது ரத்தப்போக்கு அல்ல, துளி ரத்தம் வாய் முழுக்க எச்சிலில் கலந்தால் அப்படித்தான் தெரியும். மடித்த சுத்தமான பஞ்சுத்துணியை அரை மணி நேரம் எடுத்து எடுத்துப் பார்க்காமல் இறுக்கிக் கடித்தும் வாய் நிரம்பி வழிந்தால் உடனே போக வேண்டும். காய்ச்சல், விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமம், 3 நாள் கழித்தும் ஏறுகிற வீக்கம், இவற்றுக்கும் காத்திருக்கக்கூடாது. கிளினிக் மூடியிருந்தால் பெரிய ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்கே போய்விடுங்கள்.

மேல் கடைவாய்ப் பல் என்பதால் இன்னொன்று. அதன் வேர்களுக்கு மேலேதான் சைனஸ் அறை, மூக்கோடு இணைந்த காற்றறை, நடுவில் இருப்பது மெல்லிய எலும்பு. கொஞ்ச நாள் மூக்கைப் பலமாகச் சிந்த வேண்டாம், தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்மட்டும். குடிக்கிற தண்ணீர் மூக்கு வழியே வந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள்.

பார்வை எப்படி இருக்கிறது என்று வீட்டில் தினமும் விரலைக் காட்டி எண்ணச் சொல்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்களே, ரொம்பச் சிரித்துத் தையல் வலித்தது.

22 ஆகஸ்ட்

தையல் பிரித்தாயிற்று. கறுப்பு நூல், பட்டு நூலாம். கரையும் நூலும் இருக்கிறது, எனக்குப் போட்டது இது.

மரத்துப்போகும் ஊசிக்கு முன்னால் என்ன செய்தார்கள் என்று ஒருவர் கேட்டதால் ஒரு கதை. ஹோரஸ் வெல்ஸ் என்று அமெரிக்காவில் ஒரு பல் டாக்டர். சிரிப்பு வாயு காட்டும் வேடிக்கை நிகழ்ச்சிக்குப் போனார், வாயு குடித்த ஒருவர் காலில் அடிபட்டது தெரியாமலே குதித்துக்கொண்டிருந்தார். மறுநாளே, 1844 டிசம்பர் 11, அதே வாயுவைத் தானே இழுத்துக்கொண்டு தன் பல்லைத் தோழரை விட்டுப் பிடுங்கச் செய்தார். இன்றைக்கு நம் ஈறில் ஏறும் லிக்னோகெய்ன் 1943-ல்தான் ஸ்வீடனில் உருவானது. அதற்கும் முன்னால் நம் பக்கம் திருவிழாக் கூட்டத்தில் குறடு வைத்துப் பிடுங்குகிறவர்கள் இருந்தார்கள் என்று தாத்தா சொல்வார். அப்புறம் சைனாக்காரப் பல் டாக்டர்கள். சென்னையில் இன்னும் அந்தக் குடும்பங்களின் போர்டைப் பார்க்கலாம், சீனாவின் ஹூபேயிலிருந்து தலைமுறைகளுக்கு முன் வந்தவர்கள். அம்மாவின் முதல் பல் செட் அப்படி ஒருவர் செய்ததுதான், கடைசி வரை கழறவில்லை என்று பெருமை.

4 செப்டம்பர்

வலியெல்லாம் போய்விட்டது. குழி இன்னும் குழிதான். முனை மழுங்கிய சிரிஞ்சு ஒன்று கொடுத்திருக்கிறார்கள், சாப்பிட்டதும் தண்ணீரைப் பீச்சிக் கழுவுகிறேன், நேற்றைய சாம்பாரெல்லாம் வருகிறது.

கீழ் உதட்டின் வலது ஓரத்தில் ஒரு ரூபாய் அளவு இடம் மட்டும் இன்னும் மரத்திருக்கிறது, சிலநேரம் எறும்பு ஊர்வதுபோல இருக்கிறது. வேர்களுக்குக் கீழே ஓடும் தாடை நரம்பு நெம்பலில் கொஞ்சம் நசுங்கியிருக்கும், ஊர்கிறதென்றால் விழித்துக்கொள்கிறது என்று அர்த்தம், மாதங்கள் ஆகலாம் என்றார் டாக்டர். இப்படி ஆகலாம் என்று முன்பே சொல்லிக் கையெழுத்தும் வாங்கியிருந்தார். இதை பதினெட்டு வயதில் எடுத்திருந்தால் வேர் முழுசாக வளர்ந்திருக்காது, எலும்பும் இளகி இருந்திருக்கும் என்று அடிக்கடி தோன்றுகிறது. அப்போது வலிக்கவில்லை. வலிக்காத பல்லைக் கொண்டுபோய்க் கொடு என்றால் அந்த வயதில் யார் போவார்கள்? 6-ஆம் தேதி தொடமாட்டேன் என்று எழுதியதை இப்போதும் மாற்றவில்லை, ஆனால் படுத்திருக்கும் பல் என்று படத்தில் தெரிந்துவிட்டால், அதிலும் ஒருமுறை வீங்கிவிட்டால், தள்ளிப்போடாதீர்கள். என் மகளுக்கு ஓ.பி.ஜி எடுக்கச் சொல்லியிருக்கிறேன்.

12 பிப்ரவரி 2023

உதடு சரியாகிவிட்டது. எப்போது சரியானது என்று தெரியவே இல்லை, சவரம் செய்யும்போது ஒருநாள் கவனித்தேன்.

ஞானப்பல் போன இடத்தில் ஒன்றும் கட்ட வேண்டியதில்லை, கேட்டவர்கள் காசை மிச்சம் பிடியுங்கள். பெரியம்மாவின் பல் அப்படியல்ல, மெல்கிற பல். ஈறு மூட 3, 4 வாரம் போதும், உள்ளே எலும்பு நிரம்பத்தான் மாதங்கள் ஆகும், அவருக்கு இப்போது நிரம்பியிருக்கும். இம்ப்ளான்ட், அதாவது எலும்பில் பதிக்கும் செயற்கைப் பல் என்றால் சைனஸுக்குக் கீழே எலும்பு எவ்வளவு என்று ஸ்கேன் பார்த்து, போதாவிட்டால் எலும்புத் தூள் வைத்து உயர்த்துவார்கள், செலவு ஏறும். பக்கத்துப் பற்களைத் தாங்கலாக வைத்துப் பிரிட்ஜ் கட்டினால் அவற்றைத் தேய்க்க வேண்டும். கழற்றி மாட்டும் செட் மலிவு, ஆனால் எல்லாருக்கும் ஒத்துவராது. எதுவும் வேண்டாம் என்று அவர் சொன்னால் விட்டும் விடலாம், கீழ்ப் பல் மேலே எழும்புகிறதா, பக்கத்துப் பல் சாய்கிறதா என்று 6 மாதத்துக்கு ஒருமுறை காட்டிக்கொள்ளுங்கள்.

இடது பக்கமாக மென்று சமாளிக்கிறார் என்கிறீர்கள், சரி. ஆனால் இடது பக்கத்திலும் ஒரு சொத்தை இருக்கிறது என்று செப்டம்பரில் நீங்களே எழுதியிருந்தீர்களே, அதை அடைத்தாயிற்றா?